இரண்டு கார்களுக்கும் ஒரே மருந்தா? இன்ஜின் கரிப்படிவு பற்றி ஓர் ஆசிரியையின் கேள்வி

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் பினாங்கு குளுகோரில் வசிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 2013-இல் வாங்கிய பெரோடுவா மைவி 1.3 ஆட்டோ காரைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். 160,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வீட்டிலிருந்து பள்ளி ஆறு கிலோமீட்டர்தான். சில மாதங்களாக, ஏர்கோன் போட்டுக்கொண்டு சிவப்பு விளக்கில் நிற்கும்போது கார் நடுங்குகிறது. துன் சார்டோன் சாலை வழியாகப் பாலிக் புலாவுக்கு ஏறும்போது இழுவை குறைந்து, இன்ஜினிலிருந்து ‘டிக் டிக்’ என்ற சத்தம் வருகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மகன் வாங்கிய புரோட்டோன் எக்ஸ்70 தினமும் கூலிம் வரை வேலைக்குப் போய்வருகிறது. 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அது காலையில் முதல் முறை கிளப்பும்போது ஒரு நிமிடம் உதறுகிறது. ஒருமுறை மஞ்சள் நிற இன்ஜின் விளக்கும் எரிந்து, பிறகு அணைந்துவிட்டது.

நாங்கள் வழக்கமாகப் போகும் பட்டறையில் இரண்டு கார்களிலும் கரி பிடித்திருப்பதாகச் சொல்லி, காருக்கு 280 ரிங்கிட் வீதம் ஒரு ‘டிகார்பன் பேக்கேஜ்’ செய்துகொள்ளச் சொல்கிறார்கள். பெட்ரோல் தொட்டியில் ஊற்றும் மருந்து, காற்றுக் குழாயில் அடிக்கும் ஸ்பிரே, இன்ஜின் எண்ணெயில் கலக்கும் ஃபிளஷ் ஆகிய மூன்றும் அதில் அடக்கம். கடையில் 40 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் புட்டியை வாங்கி நாமே ஊற்றிக்கொண்டால் போதும் என்கிறான் மகன். எது சரி? ரோன் 97 பெட்ரோல் போட்டு ஓட்டினாலே கரி போய்விடும் என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்கிறாரே, அது உண்மையா?

– ஓர் ஆசிரியை, குளுகோர்

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் இரண்டு கார்களிலும் பெட்ரோல் இன்ஜினுக்குள் நுழையும் வழி வேறு வேறு. அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் இரண்டுக்கும் ஒரே பேக்கேஜை ஒரே விலைக்குப் பரிந்துரைத்திருப்பதிலிருந்தே, பட்டறையில் இன்ஜினை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் மருந்து, பெட்ரோல் படும் இடத்தை மட்டுமே கழுவும். பெட்ரோல் போகாத இடத்தில் அது என்ன விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் ஒன்றும் செய்யாது. நீங்கள் கேட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் விடை இதிலிருந்துதான் கிடைக்கும் என்பதால், முதலில் அந்த வழியைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் மைவியில் இன்ஜெக்டர்கள் காற்று உள்ளே வரும் குழாயின் முனையில், வால்வுக்குச் சற்று முன்னால் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவை பீய்ச்சும் பெட்ரோல் சூடாக இருக்கும் இன்டேக் வால்வின் முதுகில் பட்டு, ஆவியாகி, காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகிறது. ஆகவே தொட்டியில் ஊற்றும் மருந்து இன்ஜெக்டரின் துவாரம், வால்வின் முதுகு, பிஸ்டனின் தலை, எரிஅறையின் சுவர் ஆகிய எல்லாவற்றையும் தொட்டுச் செல்கிறது. மகனின் எக்ஸ்70 அப்படிப்பட்டதல்ல. அதில் இருப்பது நேரடி இன்ஜெக்‌ஷன் கொண்ட டர்போ இன்ஜின். அதன் இன்ஜெக்டர்கள் சிலிண்டருக்குள்ளேயே நீட்டிக்கொண்டு, மிக உயர்ந்த அழுத்தத்தில் பெட்ரோலை நேராக எரிஅறைக்குள் பீய்ச்சுகின்றன. இன்டேக் வால்வின் மேல் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடப் படுவதில்லை. அந்த வால்வைக் கடந்து போவது காற்றும், காற்றோடு கலந்து வரும் எண்ணெய் ஆவியும் மட்டுமே. அந்த எண்ணெய் ஆவிதான் சூடான வால்வின் முதுகில் படிந்து, காய்ந்து, கருகி, நாளடைவில் கெட்டியான கரியாக மாறுகிறது. கழுவிவிட அங்கே பெட்ரோல் வராததால் படிந்தது படிந்தபடியே நின்றுவிடுகிறது.

இந்த வேறுபாடு காரின் பெயரிலோ ஆண்டிலோ தெரிந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புரோட்டோன் எக்ஸ்50 2020-இல் வெளிவந்தபோது, அதன் விலை குறைந்த மூன்று வகைகளில் மைவியைப் போன்ற இன்ஜெக்‌ஷனும், உச்ச வகையில் மட்டும் நேரடி இன்ஜெக்‌ஷனும் இருந்தன. ஹோண்டா சிவிக்கின் 1.5 டர்போ, மஸ்டாவின் ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் இன்ஜின்கள், ஃபோக்ஸ்வாகனின் டிஎஸ்ஐ இன்ஜின்கள் ஆகியவை நேரடி இன்ஜெக்‌ஷன் வகை. நம் சாலைகளில் நிறைந்திருக்கும் சாகா, மைவி, பழைய வியோஸ் போன்றவை மற்ற வகை. டொயோட்டா இந்தக் கரித் தொல்லையை முன்கூட்டியே எண்ணியோ என்னவோ, சில இன்ஜின்களில் இரண்டு வகை இன்ஜெக்டர்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது. உங்கள் காரின் கையேட்டில் இன்ஜின் விவரப் பக்கத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மருந்து வாங்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

இனி மைவிக்கு வருவோம். கரி சேர்வதற்கு ஏற்ற ஓட்டத்தைத்தான் அந்தக் கார் இத்தனை ஆண்டுகளாக ஓடியிருக்கிறது. ஆறு கிலோமீட்டர் தூரத்தில், அதுவும் காலை நெரிசலில், தண்ணீர் சூடேறிவிட்டதாக மீட்டர் காட்டினாலும் இன்ஜின் எண்ணெய் முழுச் சூட்டை எட்டியிருக்காது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கணினி தேவைக்கு மிகுதியாகவே பெட்ரோலை அனுப்புகிறது. அதில் ஒரு பகுதி சரியாக எரியாமல் கரியாகப் படிகிறது. ஸ்பார்க் பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியசைத் தாண்டினால்தான் தன் மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு வருவதற்குள் நீங்கள் பள்ளி வாசலில் இன்ஜினை அணைத்துவிடுகிறீர்கள். வால்வின் முதுகில் படியும் கரி, பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல, பீய்ச்சப்படும் பெட்ரோலில் கொஞ்சத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அதனால் சிலிண்டருக்குப் போக வேண்டிய அளவு அந்த நொடியில் குறைகிறது. காலையில் இன்ஜின் தடுமாறுவதற்கும், மிதித்தவுடன் கார் பாயாமல் ஒரு கணம் தயங்குவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அனைத்தையும் கரியின் தலையில் கட்டிவிட எனக்கு மனமில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது வரும் நடுக்கத்துக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. அடுத்த முறை நடுங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே கியரை டி-யிலிருந்து என்-னுக்கு மாற்றி, இன்ஜினின் சுழற்சியைக் காட்டும் முள்ளைப் பாருங்கள். முள் நிலையாக நின்று, என்-னுக்கு மாற்றியவுடன் நடுக்கம் பெரிதும் குறைந்தால், இன்ஜினைத் தாங்கி நிற்கும் ரப்பர் மவுண்டிங் தளர்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. இந்த வயதுக் காரில் அது வியப்புக்குரியதல்ல. எந்த மருந்தும் ரப்பரைச் சரிசெய்யாது. முள்ளே ஏறி இறங்கித் தள்ளாடினால்தான் கோளாறு இன்ஜினுக்குள் இருக்கிறது என்று கொள்ளலாம்.

அப்படி இருந்தாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது, இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைத் தகடு ஒன்றால் கட்டுப்படுத்தும் திராட்டல் பாடியைத்தான். ஏர்கோன் போட்டவுடன் அதன் கம்பிரசரைச் சுழற்றும் சுமை இன்ஜினுக்குக் கூடுகிறது. அதைத் தாங்க இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும். திராட்டல் தகட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தால் அந்தச் சிறு அளவுக் காற்று சரியாக உள்ளே போவதில்லை. இதைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயும் ஒரு துணியும் அரை மணி நேரமும் போதும். தகடு மின்னணு முறையில் இயங்குவதாக இருந்தால் அதை விரலால் வலுக்கட்டாயமாகத் தள்ளக்கூடாது. சுத்தம் செய்தபின் இன்ஜின் தன் ஐட்லிங் அளவை, அதாவது கார் நிற்கும்போது சுழலும் வேகத்தை, மறுபடியும் கற்றுக்கொள்ளச் சிறிது நேரம் விட வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, திராட்டல் பாடி வழியாகப் போவது காற்று மட்டுமே என்பது. உங்கள் மைவியிலும் சரி, மகனின் காரிலும் சரி, தொட்டியில் ஊற்றும் மருந்து அதைத் தொடுவதே இல்லை. புட்டியை ஊற்றிப் பார்த்தேன், நடுக்கம் போகவில்லை என்று மருந்தைக் குறை சொல்பவர்களில் பலருக்கு நேர்வது இதுதான்.

ஸ்பார்க் பிளக்கை எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரண பிளக்குகள் இருபது முதல் நாற்பதாயிரம் கிலோமீட்டரிலும், இரிடியம் பிளக்குகள் ஒரு லட்சம் கிலோமீட்டரையொட்டியும் மாற்றப்பட வேண்டியவை. அவற்றைக் கழற்றும்போது பட்டறைக்காரரின் பக்கத்தில் நின்று, நான்கையும் வரிசையாக வைக்கச் சொல்லிப் பாருங்கள். முனை காய்ந்த மாவுபோல் கறுத்திருந்தால் குறுகிய ஓட்டமும் அதிகப் பெட்ரோலும் காரணம்; எண்ணெய்ப் பசையோடு ஈரமாகக் கறுத்திருந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறுகிறது. பின்னது என்றால் கதை வேறு. பிஸ்டன் ரிங்குகளில் கரி இறுகி அவை ஒட்டிக்கொண்டிருக்கலாம். வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். பெட்ரோலோடு வரும் மருந்து ரிங் வரை மிகச் சிறிதளவே எட்டும் என்பதால், எண்ணெய் குடிக்கும் இன்ஜினை அது குணப்படுத்தும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அந்த இன்ஜினுக்கு முதலில் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளந்து பார்க்க வேண்டும்.

பாலிக் புலாவ் ஏற்றத்தில் கேட்கும் ‘டிக் டிக்’ சத்தம்தான் உங்கள் கடிதத்தில் கரியை நேராகச் சுட்டிக்காட்டும் அறிகுறி. பிஸ்டனின் தலையிலும் எரிஅறையிலும் கரி தடித்துவிட்டால், அந்த அளவுக்கு அறையின் கொள்ளளவு சுருங்கி அழுத்தம் கூடுகிறது. கரி வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்துவைப்பதால் அறையும் கூடுதலாகச் சூடேறுகிறது. பிளக் பொறி பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், மீதமிருக்கும் கலவை தானாகவே வெடித்து எரிந்துவிடுகிறது. இதைத்தான் ‘நாக்கிங்’ என்கிறோம். ஏற்றத்தில் சுமையோடு ஏறும்போது இது வெளிப்படும். இன்ஜினில் இருக்கும் நாக் சென்சர் இதை உணர்ந்து பொறி விழும் நேரத்தைத் தள்ளிப் போடுகிறது. நீங்கள் சொல்லும் இழுவைக் குறைவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைந்து இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறினாலும் இதே சத்தம் வரும் என்பதால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ரோன் 97 பற்றிய கேள்விக்கு இந்த இடத்திலேயே விடை சொல்லிவிடலாம். ரோன் என்னும் எண், பெட்ரோல் தானாக வெடிப்பதை எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதைக் காட்டும் அளவு. அதற்கும் கழுவும் ஆற்றலுக்கும் தொடர்பில்லை. கரியால் நாக்கிங் வரும் இன்ஜினில் ரோன் 97 ஊற்றினால் சத்தம் அடங்கும். கரி இருந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் சக ஆசிரியர் சத்தம் நின்றதைக் கேட்டுவிட்டுக் கரி போனதாக முடிவு செய்திருக்கலாம். ஆனாலும் அவர் யோசனை முற்றிலும் வீணல்ல. அதை ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம். தொட்டி ஏறக்குறைய காலியானபின் ஒருமுறை ரோன் 97 நிரப்பி அதே ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது உண்மையான நாக்கிங். நிற்கவில்லை என்றால், புகைபோக்கிக்கு மேல் இருக்கும் வெப்பத் தகடு தளர்ந்து ஆடுவது போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

பெட்ரோலில் கழுவும் பொருள் கலந்திருப்பது பொருட்படுத்தத் தக்கதா என்று கேட்டால், ஆம் என்பேன். அமெரிக்காவில் எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச அளவு அதைக் கலக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தக் குறைந்தபட்சம் போதாது என்று கருதிய சில கார் நிறுவனங்கள் 2004-இல் ‘டாப் டியர்’ என்ற உயர்ந்த தரத்தை உருவாக்கின. அங்கே ஏஏஏ என்னும் வாகன ஓட்டுநர் சங்கம் 2016-இல் வெளியிட்ட சோதனையில், 4,000 மைல் ஓட்டத்துக்கு நிகரான இயக்கத்துக்குப் பிறகு, அந்தத் தரத்தை எட்டாத பெட்ரோல்கள் இன்டேக் வால்வில் சராசரியாக 19 மடங்கு கூடுதல் கரியை விட்டிருந்தன. அந்த எண்ணை அப்படியே நம் நாட்டு எண்ணெய் நிலையங்களின் மேல் பொருத்திப் பார்க்கக் கூடாது. இங்கே விற்பனையாகும் பெரிய நிறுவனங்களின் பெட்ரோலில் கழுவும் கலவை சேர்த்தே விற்கிறார்கள். மைவி போன்ற இன்ஜினில் நாள்தோறும் ஊற்றும் பெட்ரோலே பெரும்பகுதி வேலையைச் செய்கிறது, புட்டி மருந்து அதற்குத் துணைதான் என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன்.

அந்தத் துணை உங்கள் மைவிக்கு ஒருமுறை தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் 40 ரிங்கிட் புட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. பாலிஈதர்அமைன் என்ற பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். புட்டியில் பெரும்பாலும் அதன் சுருக்கமான பிஇஏ என்னும் மூன்று எழுத்துகளே அச்சிடப்பட்டிருக்கும். செவ்ரான் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டெக்ரான் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள் இந்த வகையைச் சேர்ந்தது. இங்கே கால்டெக்ஸ் நிலையங்களில் காணும் பெயரும் அதுவே. எரிஅறையின் வெப்பத்தைத் தாங்கி அங்குள்ள கரியையும் கரைக்க வல்லது என்பது இதன் சிறப்பு. பழைய வகையான பாலிஐசோபியூட்டிலின் அமைன் வால்வையும் இன்ஜெக்டரையும் நன்றாகக் கழுவினாலும், எரிஅறையில் தானே கொஞ்சம் படிவை விட்டுவிடக்கூடியது. உங்களுக்கு நாக்கிங் இருப்பதால் முன்னதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மலிவான சில புட்டிகளில் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த கரைப்பானே பெரும்பங்கு இருக்கும். புட்டியின் முகப்பில் எழுதியிருக்கும் வீர வசனங்களைப் படிப்பதைவிட, அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளை இணையத்தில் தேடிப் படிப்பது மேல். அதில் உள்ளடக்கம் விழுக்காட்டோடு இருக்கும்.

அளவில் கவனம் வேண்டும். மைவியின் தொட்டி ஏறத்தாழ 40 லிட்டர்தான் கொள்ளும். கடையில் கிடைக்கும் பெரிய புட்டிகள் சில 70, 80 லிட்டருக்கு உரியவை. அப்படிப்பட்டதில் பாதியை ஊற்றினால் போதும்; முழுவதையும் ஊற்றினால் இரட்டிப்பாகச் சுத்தமாகும் என்று எண்ண வேண்டாம். மிகுதியான மருந்து எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் எண்ணெயில் கலக்கும். பெட்ரோல் முள் கீழே இறங்கியபின் முதலில் மருந்தை ஊற்றி, அதன் மேல் தொட்டியை நிரப்பினால் நன்றாகக் கலந்துவிடும். அந்தத் தொட்டி முடியும்வரை இடையில் பெட்ரோல் நிரப்பிக் கலவையை நீர்க்கச் செய்யாதீர்கள். மேலும், அந்த ஒரு தொட்டியையும் பள்ளிக்கும் வீட்டுக்குமாக ஆறு ஆறு கிலோமீட்டராகவே தீர்த்துவிட்டால் பயன் பாதிதான். ஒரு சனி, ஞாயிறில் நெடுஞ்சாலை வழியாகத் தைப்பிங் வரை போய்வாருங்கள். வேக வரம்புக்குள் ஓட்டினாலே போதும். இன்ஜின் முழுச் சூட்டில் இடைவிடாமல் ஒரு மணி நேரம் ஓடுவதுதான் முக்கியம். பிளக்குகளுக்கும் அது நல்லது.

இதையெல்லாம் அடுத்த இன்ஜின் எண்ணெய் மாற்றத்துக்குச் சற்று முன்பாகச் செய்யுங்கள். மருந்தில் கொஞ்சம் எண்ணெயில் கலந்திருந்தாலும் பழைய எண்ணெயோடு சேர்ந்து போய்விடும். அதன்பின் ஓர் எண்ணெய் மாற்றத்துக்கு ஒரு புட்டிக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். ஒரு தொட்டி மருந்தில் பத்தாண்டுக் கரி முழுவதும் கரைந்துவிடாது என்பதால், நாக்கிங் குறைந்திருக்கிறதா என்று அதே ஏற்றத்தில், ரோன் 95-இலேயே சோதித்து, தேவையானால் அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது இன்னொரு முறை ஊற்றலாம்.

பேக்கேஜில் இருக்கும் இன்ஜின் ஃபிளஷ் உங்கள் மைவிக்குத் தேவையே இல்லை. அது எண்ணெய் ஓடும் பாதைகளுக்கான மருந்து. வால்வு முதுகில் இருக்கும் கரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீண்ட நாள் எண்ணெய் மாற்றாமல் ஓடிய பழைய இன்ஜினாக இருந்தால், அடியில் உறைந்திருக்கும் கசடு பெயர்ந்து எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும் ஆபத்தும் உண்டு.

மகனின் எக்ஸ்70 பற்றி எழுதும்போது என் கவலை கொஞ்சம் கூடுதலாகிறது. நெடுஞ்சாலையில் தினமும் நீண்ட தூரம் ஓடும் காருக்குக் கரி சேராது என்று பலரும் நம்புகிறார்கள். எரிஅறையைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால் நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினின் இன்டேக் வால்வுக்கு அந்த நியாயம் செல்லாது. அங்கே எண்ணெய் ஆவி வந்துகொண்டே இருக்கிறது. வால்வோ அதை எரித்துவிடும் அளவுக்குச் சூடாவதில்லை. காலையில் குளிர்ந்த நிலையில் ஒரு நிமிடம் உதறிவிட்டுப் பிறகு சரியாவது இவ்வகைக் கரியின் அறிகுறிகளுள் ஒன்றுதான். பிளக்கோ, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலோ பழுதானாலும் கார் இதே போலத்தான் உதறும்.

மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டாலும் அதன் காரணம் பெரும்பாலும் கணினியில் பதிந்திருக்கும். ஸ்கேனர் செருகிப் பார்த்தால், எந்தச் சிலிண்டரில் தீ தவறியது என்பதே குறியீடாக வரக்கூடும். தொடர்ந்து ஒரே சிலிண்டர் என்றால் அதன் காயிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். பழுதும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி காயில்தான், கரி அல்ல. எக்ஸ்70-க்கு ஐந்து ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. மகனின் கார் இன்னும் அதற்குள் இருப்பதால், வெளியே எந்த மருந்தும் அடிப்பதற்கு முன் அதிகாரபூர்வ சேவை மையத்துக்குக் கொண்டுபோய், விளக்கு எரிந்த விவரத்தைச் சொல்லி, எழுத்தில் பதிவு செய்துகொள்வது அறிவுடைமை.

கரிதான் காரணம் என்று சோதனையில் தெரிந்தால், போரோஸ்கோப் என்னும் நுண்ணிய கேமராவை உள்ளே செலுத்தி வால்வின் முதுகைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இன்று பல பட்டறைகளில் அது இருக்கிறது. படம் இல்லாமல் ‘கரி அடைத்திருக்கிறது’ என்று சொல்வதை நான் நோய்க்குறி கணிப்பாக ஏற்பதில்லை. வேலை முடிந்தபின்னும் அதே வால்வின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பிரே அடிக்கும் முறையில் எனக்குத் தயக்கம் உண்டு. இன்ஜின் ஓடும்போது காற்றுக் குழாய் வழியே இரசாயனத்தை உள்ளே அனுப்புவார்கள். மெல்லிய, புதிய படிவாக இருந்தால் அது ஓரளவு இளகும். 90,000 கிலோமீட்டர் ஓடி இறுகிய கரி அவ்வளவு எளிதில் கரையாது. பாதி இளகிய கட்டி பெயர்ந்து சிலிண்டர் வழியே வெளியேறினால், அது அடுத்துப் போய் மோதுவது, புகை வெளியேறும் பாதையில் மிக வேகமாகச் சுழலும் டர்போவின் இறகுகளில். அதற்கும் அப்பால் ஆக்சிஜன் சென்சரும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்டரும் இருக்கின்றன. ஸ்பிரேயைக் காற்றளவு சென்சருக்கு முன்னால் அடித்து அதைக் கெடுப்பதும், அவசரத்தில் திரவத்தை அளவுக்கு மீறி ஊற்றிச் சிலிண்டருக்குள் தேங்க வைப்பதும் நடக்கக்கூடியவையே. திரவம் அழுத்தத்துக்கு அடங்காது. பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்துபோனால் 280 ரிங்கிட்டில் தொடங்கிய வேலை இன்ஜினையே இறக்குவதில் போய் முடியும். வேலை நடக்கும்போது புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை மண்டுவதைக் காட்டி ‘பாருங்கள், கரி வெளியேறுகிறது’ என்பார்கள். அந்தப் புகையின் பெரும்பகுதி அவர்கள் அடித்த இரசாயனமே எரிந்து வருவது.

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவை இன்ஜினுக்குள் அனுப்பும் இயந்திரங்களையும் இப்போது பல இடங்களில் பார்க்கிறோம். அந்த வாயு எரிவது எரிஅறையில். கரி இருப்பதோ அதற்கு வெளியே, வால்வின் முதுகில். முன்னும் பின்னும் எடுத்த வால்வுப் படத்தைக் காட்டும்வரை அதற்குப் பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

இறுகிய வால்வுக் கரிக்கு நான் நம்பிப் பரிந்துரைப்பது கையால் செய்யும் வேலையைத்தான். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்வு மூடியிருக்கும் சிலிண்டராகப் பார்த்து ஒவ்வொன்றாக, அரைத்த வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிக் கரியைச் சுரண்டி, தூளை உடனுக்குடன் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். வால்நட் ஓடு கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினமானது. உலோகத்தைக் கீறும் அளவுக்கு அல்ல. துகள் ஒன்றிரண்டு தவறி உள்ளே போனாலும் எரிந்துவிடும். ஆள் கூலி கூடுதல்தான், கார் ஒரு நாள் பட்டறையில் நிற்கும். கரி பெயர்ந்து வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். இதை முன்பு செய்து பழகிய பட்டறையா, வால்வு மூடியிருப்பதை எப்படி உறுதி செய்கிறார்கள், மேனிஃபோல்டுக்குப் புதிய கேஸ்கெட் போடுகிறார்களா என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொன்னால் ஒப்படைக்கலாம்.

மறுபடியும் கரி விரைவாகச் சேராமல் இருக்க, எண்ணெய் ஆவி குறைய வேண்டும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட தடிமனில், ஏபிஐ எஸ்பி (API SP) என்ற தரக் குறியீடு அச்சிடப்பட்ட நல்ல செயற்கை இன்ஜின் எண்ணெயை நாள் தவறாமல் மாற்றுவதும், எண்ணெய் ஆவியை இன்ஜினுக்குள் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வு சரியாக இயங்குகிறதா என்று பார்ப்பதும் இதில் அடங்கும். பிசிவி வால்வு விலை குறைந்த சிறு உறுப்பு. அதனாலேயே யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படியென்றால் மகன் சொன்ன 40 ரிங்கிட் புட்டி எக்ஸ்70-க்கு வீண்தானா? முழுவதும் வீணல்ல. நேரடி இன்ஜெக்டரின் முனை எரிஅறைக்குள்ளேயே இருப்பதால் அதன் நுண்ணிய துவாரங்களில் கரி படிந்து பீய்ச்சும் வடிவம் கெடும். அங்கே பெட்ரோல் போகிறது. ஆகவே பிஇஏ உள்ள மருந்து அந்த முனையையும் பிஸ்டனின் தலையையும் கழுவும். உங்கள் மைவிக்குப் பெரிய புட்டி வாங்கிப் பாதி மிஞ்சினால், பெட்ரோல் இன்ஜினுக்கு உரியதுதானா என்று புட்டியில் ஒருமுறை பார்த்துவிட்டு, மீதியை எக்ஸ்70-இன் தொட்டியில் அதன் லிட்டர் அளவுக்கு ஏற்ப ஊற்றிக்கொள்ளலாம். திறந்த புட்டியை வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் மட்டும் போட்டு வைக்க வேண்டாம்.